எந்த பில்டிங், சார்?

காரை விட்டு இறங்கிய மறுநொடியே கௌரிசங்கரின் மூக்குக்கண்ணாடி வெள்ளையடித்துக்கொண்டது. ஷார்ஜாவில் ஆகஸ்ட் மாதம் ஏசியை விட்டு வெளியே கால் வைக்கிற எவருக்கும் இதுதான் கதி. கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்து முடிப்பதற்குள் அந்தச் சட்டையே முதுகோடு ஒட்டிக்கொண்டது.

குனிந்து காருக்குள் கேட்டான். "நீங்களும் வர்றீங்களா?"

"நாங்க எதுக்கு? முதலாளி நீங்கதானே!" முன் சீட்டிலிருந்து சுசீலா அசையவில்லை. "நாங்க இப்படியே ஏசியில உக்காந்திருக்கோம். நீங்க போய் கடையை வாங்கிட்டு வாங்க."

பின் சீட்டிலிருந்த அனன்யா ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை உருவினாள். "அப்பா, பீட்சாவுல பைனாப்பிள் போடறாங்கன்னா சைன் பண்ணாதீங்க. ஐ ஆம் சீரியஸ்."

"ஏங்க, அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல என்கிட்ட கேட்ட விஷயம்..." என்று ஆரம்பித்தாள் சுசீலா.

"வந்து பேசிக்கலாம் சுசி. மனுஷன் காத்துக்கிட்டிருப்பார்."

"ஒரு வாரமா வந்து வந்துதான் பேசிக்கிட்டிருக்கீங்க" என்று அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்குப் பலகை. அதில் ஹெல்மெட் மாட்டிய ஒட்டகம் ஒன்று பைக்கில் பறந்துகொண்டிருந்தது. 'கேமல் க்ரஸ்ட் பீட்சா. ஒரு போன் போதும்!' கீழே கொட்டை எழுத்தில் தொலைபேசி எண்.

கௌரிசங்கர் அந்த ஒட்டகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆசையா, பயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

குடிதண்ணீர் கேன் கம்பெனி ஒன்றில் இருபத்தோரு வருடம் டிஸ்பாட்ச் இன்சார்ஜாக இருந்தவன் அவன். காலையில் வேன்களை அனுப்பி, சாயங்காலம் காலிக் கேன்களோடு திரும்ப வாங்குகிற வேலை. போன மாதம் கம்பெனி கைமாறியது. புதிய முதலாளி முதல் வேலையாக டிஸ்பாட்ச் செக்‌ஷனைக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்தார். கலாஸ், முடிந்தது. கையில் செட்டில்மென்ட் பணம் வந்தது. விசா போனது. அவன் விசா போனால் அதில் தொங்கிக்கொண்டிருக்கும் மனைவி, மகள் விசாவும் போகும். கொடுத்திருக்கும் அவகாசத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். இல்லையென்றால் மூன்று பேரும் மதுரைக்கு விமானம் ஏற வேண்டும். அனன்யாவுக்கோ இது பன்னிரண்டாம் வகுப்பு. நட்டநடு வருடத்தில் அவளைப் பிடுங்கிக்கொண்டு போய் எந்தப் பள்ளிக்கூடத்தில் நடுவது?

அந்த நேரத்தில்தான் சேதுமாதவன் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். பர் துபாயில் ஒரு பிறந்தநாள் விருந்தில் அறிமுகம். "ஃப்ரான்சைஸ் எடுங்க சார். நீங்க பார்ட்னர் ஆயிட்டா பார்ட்னர் விசா. ஃபேமிலியை நீங்களே ஸ்பான்சர் பண்ணிக்கலாமுங்க. யாருகிட்டயும் கை கட்டி நிக்க வேண்டாம்."

கௌரிசங்கர் அப்படியொன்றும் கண்ணை மூடிக்கொண்டு பாயவில்லை. மூன்று வாரமாகத் துருவியிருந்தான். கடை வாடகை, அடுப்பின் வயது, பைக் இன்சூரன்ஸ், கம்பெனிக்குக் கட்டவேண்டிய பங்கு என்று கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. கேள்வி முடிவதற்குள்ளேயே வந்தது. கேள்வித்தாளை முதல் நாளே பார்த்துவிட்ட மாணவன் மாதிரி சேதுமாதவன் ஒப்பித்தார். கடைசியாக, "ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில உக்காந்து பாக்கணும்" என்றான் கௌரிசங்கர்.

"தாராளமா வாங்க! நீங்க பாக்கணும்ங்கிறதுதான் எங்க ஆசையும்" என்றார்.

இதோ, அந்த வெள்ளிக்கிழமை.

கதவைத் தள்ளியதும் குளிரும் சீஸ் வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. உள்ளே திருவிழா!

கவுண்டரில் ஈசா என்கிற ஒல்லியான ஆள் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். "யெஸ் சார்... டூ லார்ஜ், ஒன் மீடியம்... தேங்க்யூ சார்!" வைத்தான். வைத்த கை எடுப்பதற்குள் மறுபடி மணி. "யெஸ் சார்... த்ரீ லார்ஜ்... தேங்க்யூ சார்!" கதவு திறந்தது, சிவப்புச் சட்டை போட்ட ஒரு டெலிவரிக்காரன் பையோடு வெளியே பாய்ந்தான். இன்னொருவன் உள்ளே வந்தான். "யல்லா, யல்லா!" என்று உள்ளிருந்து யாரோ அதட்ட, அவன் அடுத்த பெட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடினான்.

"வாங்க சார், வாங்க! உக்காருங்க." சேதுமாதவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வெள்ளைச் சட்டை, கையில் தடிமனான பேனா. "பாத்தீங்களா? நானே உள்ள வர்றதுக்கு வழி கேட்டுத்தான் வர வேண்டியிருக்குதுங்க."

கௌரிசங்கர் சிரித்தான். உண்மையிலேயே மனசு லேசானது. இந்தப் போன் மணி அனன்யாவின் பள்ளிக்கூட மணி. இந்தப் பைக்குகள் ஓடுகிற வரைக்கும் அவள் பரீட்சை எழுதுவாள்.

"டேபிள் வேண்டாம், சேர் வேண்டாம், வெயிட்டர் வேண்டாம்" என்று சேதுமாதவன் விரலை மடக்கினார். "மாவு, சீஸ், பெட்டி எல்லாம் நாங்க அனுப்பிடுவோமுங்க. நீங்க கல்லாவுல உக்காந்து விசிறிக்கிட்டா போதும்."

"ஏசி இருக்கே, எதுக்கு விசிறி?"

"அட, நீங்க வேற!" தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

முதலில் வெளியே போன சிவப்புச் சட்டைக்காரன் திரும்பி வந்தான். நாற்காலியை உரசிக்கொண்டு போனான். கௌரிசங்கரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று தெரியவில்லை. எதையோ பார்த்தான், பார்த்தது இன்னதென்று பிடிபடவில்லை. செருப்புக்குள் புகுந்த மணல் போல அது அங்கேயே உறுத்திக்கொண்டிருந்தது.

இரண்டாமவன் வந்தான். மீண்டும் அதே உறுத்தல்.

கௌரிசங்கர் தன் முதுகைத் தொட்டுப் பார்த்தான். காரிலிருந்து இறங்கி ஒரே ஒரு சாலையைத் தாண்டினதற்கு, சட்டை இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இவனோ பைக்கில் போய், மாடி ஏறி, பீட்சா கொடுத்துவிட்டு வருகிறான். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை!

'லிஃப்ட் இருந்திருக்கும். பக்கத்துக் கட்டடமாக இருக்கும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிற மனசுக்குச் சமாதானமா கிடைக்காது?

"அப்புறம், சார்..." சேதுமாதவன் நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன? கத்தார்ல, ராஸ் லஃபான்ல ஒரு இன்ஜினியர். நாளைக்குக் காலையில ஃப்ளைட் புடிச்சு வர்றாருங்க, இதே கடைக்கு. எனக்கென்னமோ நம்ம பாப்பா படிப்புதான் கண்ணு முன்னாடி நிக்குது. இப்பவே அட்வான்ஸ் போட்டுட்டீங்கன்னா அவரை வர வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"இப்பவேவா?"

"செட்டில்மென்ட்ல பாதி போதும். மீதி விசா அடிச்சப்புறம்."

பாதி! இருபத்தோரு வருடத்தில் பாதி.

அவன் செல்போனை எடுத்தான். வங்கியின் செயலியைத் திறந்தான். சேதுமாதவன் சொல்லச் சொல்ல கணக்கு எண்ணை அடித்தான். ஓடிபி எண் வந்து திரையில் நின்றது. அதை அடித்துவிட்டால் பணம் போய்விடும்.

அடுத்த டெலிவரிக்காரன் அவனருகே நின்று பெட்டிக்காகக் காத்திருந்தான். கவுண்டரில் மணி அடித்தது.

"யெஸ் சார்... ஃபோர் லார்ஜ்... தேங்க்யூ சார்!"

ஈசா போனை வைத்தான்.

கௌரிசங்கரின் கட்டைவிரல் அந்தரத்தில் உறைந்தது.

இவன் கேட்கவே இல்லையே!

இருபத்தோரு வருடம் டிஸ்பாட்ச் மேஜையில் உட்கார்ந்தவன் தூக்கத்தில்கூடப் புலம்புகிற ஒரு கேள்வி உண்டு. 'எந்த பில்டிங், சார்? பக்கத்துல என்ன இருக்கு?' இந்த ஊரில் தெருப் பெயர் சொல்லி வீடு கண்டுபிடித்தவன் யார்? மருந்துக்கடைக்கு மேலே, பள்ளிவாசலுக்குப் பின்னாலே, பழைய பேக்கரி இருந்த இடத்துக்கு எதிரே... இப்படித்தான் இங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். மேப்பில் குறி போட்டு அனுப்பினாலும் அந்தக் குறி கட்டடத்தின் முதுகுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். டெலிவரிக்காரன் கீழே நின்று போன் செய்வான். "பாய், கிதர் ஹை? எங்கே இருக்கு?" என்று கத்துவான். கௌரிசங்கர் அனுப்பிய வேன் டிரைவர்களெல்லாம் ஒரு காதில் போனோடுதான் பிறந்தவர்கள் என்று கம்பெனியில் கேலி செய்வார்கள்.

இங்கேயோ, உட்கார்ந்ததிலிருந்து ஒருவன்கூட எந்த பில்டிங் என்று கேட்கவில்லை. ஒருவன்கூட யாருக்கும் போன் செய்யவில்லை. எடுத்தான், ஓடினான், வேர்க்காமல் திரும்பி வந்தான்.

"ஓடிபி வந்துச்சுங்களா?" சேதுமாதவன் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் வரலை..." போனை மார்போடு சாய்த்துக்கொண்டான். "உள்ள சிக்னல் கொஞ்சம் வீக்கா இருக்கு போல."

விரல் வங்கியை விட்டு வாட்ஸ்அப்புக்குத் தாவியது. சுசீலாவுக்கு அடித்தான். 'இந்தக் கடை போர்டுல இருக்கிற நம்பருக்கு போன் பண்ணு. நம்ம வீட்டுக்கு ஒரு பீட்சா சொல்லு.'

பதில் உடனே வந்தது. 'பைத்தியமா உங்களுக்கு?'

'அவசரம்.'

'வெஜ்ஜா?'

'எதுவா இருந்தா என்ன! உடனே!'

"வந்துச்சுங்களா?"

"சுத்திக்கிட்டே இருக்கு, சார்."

சேதுமாதவன் பேனாவைத் திறந்தார், மூடினார். திறந்தார். கௌரிசங்கர் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். தொலைபேசி மௌனமாக இருந்தது. ஒரு யுகம் போலிருந்தது. 'ஐயோ, இவன் முறைப்படி ஆர்டர் எடுத்துவிட்டால்? நான்தான் பயந்தாங்கொள்ளியாக ஒரு நல்ல கடையை...'

மணி அடித்தது.

"யெஸ் சா..." என்று ஈசா பாதியில் விழுங்கினான். அவன் முகம் அப்படியே விழுந்தது. "யெஸ்... மேடம்?"

எதிர்முனையில் சுசீலாவின் குரல் கிரீச்கிரீச்சென்று லேசாகக் கேட்டது. ஈசா பேனாவை மேஜையில் வைத்துவிட்டான். சேதுமாதவனைப் பார்த்தான். அவர் ஈசாவைப் பார்க்கவில்லை. கௌரிசங்கரின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோ மேடம். டுடே நோ டெலிவரி... டெலிவரி மாஃபி மேடம், பைக் மாஃபி. சாரி."

வைத்துவிட்டான்.

காலிப் பையோடு ஒரு டெலிவரிக்காரன் ஈசாவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான். வாசலில் இரண்டு பைக்குகள் ஒட்டகப் படத்தோடு சும்மா நின்றன.

கௌரிசங்கர் எழுந்தான்.

"என்ன சார், ஆர்டர் வந்துச்சு, டெலிவரி இல்லைன்னுட்டாரே?"

"அதுங்களா..." சேதுமாதவன் சிரித்தார். "அது ரொம்பத் தள்ளி இருக்கிற ஏரியாவா இருக்குமுங்க."

"எந்த ஏரியான்னு அவர் கேக்கவே இல்லையே?"

"குரலை வச்சே தெரிஞ்சுக்குவான்."

"அது என் வொய்ஃப் சார். வீடு இங்கேருந்து ரெண்டு சிக்னல். இப்ப எதிர்த்த பார்க்கிங்ல இருந்து பேசுறா."

கடைக்குள் அத்தனை சத்தமும் நின்றது. 'யல்லா யல்லா' என்று உள்ளிருந்து அதட்டிய குரல்கூடக் காணவில்லை.

கௌரிசங்கர் அப்போதுதான் உள்ளே வந்த டெலிவரிக்காரன் பக்கம் திரும்பினான். அவன் அதற்குள் அடுத்த நான்கு பெட்டிகளைக் கையில் அள்ளியிருந்தான். "பாய், எந்த பில்டிங்குக்குப் போயிட்டு வந்தீங்க?" என்று இந்தியில் கேட்டான். அந்த ஆள் சேதுமாதவனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு பல்லைக் காட்டினான். கௌரிசங்கர் மேல் பெட்டியை ஒரு விரலால் தூக்கினான். விரலோடு அது மேலே வந்தது. உள்ளே காற்றுதான் ஃபோர் லார்ஜ்.

"பீட்சா ரொம்ப லேசா இருக்கு சார். மாவு கம்மியோ?"

சேதுமாதவனின் சிரிப்பு அணைந்தது. "இதப் பாரு, உனக்கெல்லாம் பிசினஸ் பண்ற முகமே இல்ல. போ. போய் ஊர்ல கேன் தூக்கு."

"தூக்கின கைதான் சார். அதனாலதான் வெயிட் தெரியுது."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். கண்ணாடி மறுபடி வெள்ளையானது. இந்த முறை அவன் துடைக்கவில்லை. ஒன்றும் தெரியாமலேயே சாலையோரம் நின்று, பெருமூச்சு விட்டு, தனியாகச் சிரித்தான். போன் அதிர்ந்தது. உங்கள் ஓடிபி காலாவதியாகிவிட்டது என்று வங்கி வருத்தம் தெரிவித்திருந்தது. வங்கிக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

காருக்குள் ஏறியதும் சுசீலா பிடித்துக்கொண்டாள். "என்ன கடைங்க அது? டெலிவரி கடைக்கு போன் பண்ணினா டெலிவரி இல்லைங்கறான்! வாங்கித் தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல."

"இல்லையா?"

"ஒரு பைசா போகல."

"அப்பாடா!" என்றாள் சுசீலா. சீட்டில் அப்படியே சாய்ந்தாள். பின்னாலிருந்து அனன்யாவும் ஒரு "அப்பாடா" சொன்னாள். தன் வாயிலிருந்தும் அதே வார்த்தை வெளியே வந்ததைக் கேட்டு கௌரிசங்கர் ஆச்சரியப்பட்டான்.

நடந்ததைச் சொல்லிக்கொண்டே வண்டியைக் கடையின் பின் சந்து வழியாகத் திருப்பினான். "அப்பா, அங்க பாருங்க!" என்றாள் அனன்யா. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேன், இன்ஜின் ஓட, ஏசி போட்டபடி நின்றது. உள்ளே மூன்று சிவப்புச் சட்டைகள், மடியில் ஹெல்மெட், கையில் செல்போன். காலடியில் பெட்டிகள். ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"டெலிவரி அட்ரஸ் இதுதான்" என்றான் கௌரிசங்கர். "நாளைக்குக் காலையில முதல் வேலை கம்ப்ளெயின்ட்."

"அந்தக் கத்தார்க்காரர் பாவம்ங்க."

"அப்படி ஒருத்தர் இருந்தாத்தானே!"

சிக்னலில் சிவப்பு விழுந்தது. சிரிப்பு வடிந்தது. பணம் பிழைத்துவிட்டது, விசா பிழைக்கவில்லையே என்ற நினைப்பு திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பின் கண்ணாடியில் அனன்யாவைப் பார்த்தான்.

"சுசி... இவ பரீட்சை..."

"இப்பவாவது என்னைப் பேச விடுவீங்களா?" சுசீலா அவன் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "ஸ்கூல்ல பயாலஜி டீச்சர் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிட்டாங்க. திரும்பி வர மாட்டாங்களாம். இத்தனை நாள் லீவ் டீச்சருக்குப் பதிலா வந்து போனது போதும், முழுநேரமா வாங்கன்னு பிரின்சிபால் கேட்டாங்க. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். விசா ஸ்கூலே எடுக்குது. அந்தச் சம்பளத்துக்கு நான் ஃபேமிலியை ஸ்பான்சர் பண்ணலாம், விசா ஃபார்ம் அடிக்கிற டைப்பிங் சென்டர்ல கேட்டுட்டேன்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. கௌரிசங்கர் நகரவில்லை.

"ஃபேமிலின்னா?"

"இவளும் நீங்களும்தான். வேற யாரு?"

"அப்போ... நீ என் ஸ்பான்சரா? என் கஃபீலா?"

"ஆமா. இனிமே பாஸ்போர்ட்டை என்கிட்ட குடுத்துட்டு மரியாதையா இருங்க" என்றாள் சுசீலா. பின் சீட்டில் அனன்யா சரிந்து விழுந்து சிரித்தாள். "அம்மா ஈஸ் அப்பாவோட கஃபீல்! இதை நான் ஸ்டேட்டஸ் போடறேன்!"

"இதை ஏன்டி ஒரு வாரமா சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? வாயைத் திறந்தா ஒட்டகம், ஒட்டகம்னு பறந்தீங்க. முதலாளி ஆகப் போற சந்தோஷத்துல இருக்கீங்க, கெடுப்பானேன்னு நானும்..." அவள் குரல் தணிந்தது. "உங்களுக்கு வருத்தமா?"

கௌரிசங்கர் உள்ளே தேடிப் பார்த்தான். வருத்தம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் பசிதான் இருந்தது.

"எனக்கு பீட்சாவே பிடிக்காது சுசி. தினம் அந்த சீஸ் நாத்தத்துல எப்படி உக்காரப் போறேன்னுதான் மூணு வாரமா தூக்கம் வரல."

"இதை ஏன் நீங்க சொல்லல?" என்றாள் அவள். ஹாரன் மறுபடி அலற, வண்டியைக் கிளப்பினான்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அனன்யாதான் அடம் பிடித்தாள். இவ்வளவு நேரம் பீட்சா பீட்சா என்று பேசிவிட்டு இட்லி சாப்பிட முடியாது. வேறு ஒரு கடைக்கு ஆர்டர் போட்டாள், மேப்பில் குறியும் வைத்து.

அரை மணி கழித்து கௌரிசங்கரின் போன் அடித்தது.

"ஹலோ சார், டெலிவரி... கிதர் ஹை சார், கான்ஸா பில்டிங்?" மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது குரலுக்கு. அந்த இந்தியில் ராமநாதபுரம் மணத்தது.

"தமிழா தம்பி?"

"ஆத்தாடி, தமிழா சார்! பாலகுரு சார். மேப்பு ஏதோ குப்பைத்தொட்டிகிட்ட கொண்டாந்து நிறுத்திருச்சு. எந்த பில்டிங், சார்? பக்கத்துல என்ன இருக்கு?"

கௌரிசங்கர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கேள்வியை ஒரு கணம் காதுக்குள்ளேயே வைத்திருந்தான். பிறகு பால்கனிக்குப் போய் நின்று, கையை ஆட்டி ஆட்டி, ஆனந்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். "வந்த வழியிலேயே திரும்புங்க. பச்சை மினார் வச்ச பள்ளிவாசல் தெரியுதா? அதுக்குப் பின்னாடி ஒரு சலூன். அந்த சலூன் முன்னாடி லாண்டரியா இருந்துச்சு..."

"ஏங்க, அவர் வழிதான் கேட்டார், வரலாறு கேக்கல" என்றாள் சுசீலா உள்ளேயிருந்து.

கதவைத் திறந்தபோது பாலகுரு தலையிலிருந்து கால் வரைக்கும் குளித்தவன் போல நின்றான். சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு பெட்டியின் மேல் விழுந்தது. அவன் பதறித் துடைத்தான். "சாரி சார், வெளிய ரொம்பப் புழுக்கம்."

கௌரிசங்கர் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன சார், ஆர்டர் மாறிப் போச்சா?"

"இல்ல தம்பி. எல்லாம் சரியா இருக்கு." பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினான். நல்ல கனம். "உள்ள வந்து ஏசியில ஒரு நிமிஷம் நில்லுங்க. சுசி, ஜில்லுனு ஒரு தண்ணி பாட்டில் எடு!"

"கஃபீலுக்கே வேலை வைக்கிறீங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சுசீலா ஃபிரிட்ஜைத் திறந்தாள்.